ஊருணியும் ஊரும்: வளம் குறித்த ஓர் அறவியல் வினா

முன்னுரை

மனிதரும் சமூகமும் பிற உயிர்களும் தழைப்பதற்குத் துணைநிற்பது எது என்னும் வினா அறவியலின் தொன்மையான வினாக்களுள் ஒன்று. தமிழ் மரபு இவ்வினாவைப் பல இடங்களில் நீர்நிலையை முன்வைத்து எழுப்பியுள்ளது. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 1927இல் அன்றைய பம்பாய் மாகாணத்து மகத் நகரில் நிகழ்ந்த குளப் போராட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கி, நீர் நிறைந்திருத்தல் மட்டுமே வளமாகுமா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளம் என்பது சேர்க்கை

புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்துகிறார். உணவு என்பது நிலமும் நீரும் கூடியது. அவ்விரண்டையும் கூட்டியவர் உடம்பையும் உயிரையும் படைத்தவராவர் என்பது அவர் வாதத்தின் சாரம். நிலமோ நீரோ தனித்து நின்று வளமாவதில்லை. அவற்றின் சேர்க்கையே வளம் என்னும் கருத்து இங்குப் புலனாகிறது.

ஏரியின் இயக்கமும் இதனை உறுதிப்படுத்துகிறது. தொடர் ஏரிகளில் மேலேரியின் கலிங்கு வழியாக வழியும் மிகைநீர் கீழேரிக்கு வரத்தாகிறது. ஏரியில் தூர்வாரிய வண்டல் வயலுக்கு உரமாகிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் பறவைகளின் எச்சத்தால் உரமேறிய நீர் உழவர்க்குப் பயன்பட்டது. அதனை உணர்ந்த ஊரார் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். அவ்வேரி 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஓர் உயிரின் மிகுதி மற்றோர் உயிரின் தேவையாகி, அத்தொடர்ச்சி அறுபடாதிருக்கும் நிலையையே இவ்விடத்தில் தழைத்தல் எனலாம்.

ஒப்புரவும் ஈகையும்

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைத்துள்ளார். ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வதன் இயல்பான கடமை. பரிமேலழகர் இதனை உலகநடை அறிதல் எனக் கொண்டு, அறநூல்களில் விதிக்கப்படுவதாக அன்றித் தாமே அறிந்து செய்யும் தன்மையது என விளக்குகிறார். 215 முதல் 217 வரையிலான மூன்று குறட்பாக்களில் ஊருணி, உள்ளூர்ப் பயன்மரம், மருந்து மரம் என்னும் மூன்று உவமைகள் தொடர்ந்து வருகின்றன. இம்மூன்றும் பயன்கொள்ள வருபவரின் தகுதியை வினவுவதில்லை. ஒத்ததை அறிபவனே உயிர்வாழ்பவன், ஏனையோர் செத்தாருள் வைக்கப்படுவர் என்னும் கருத்து 214ஆம் குறளில் அமைகிறது. எனவே ஒப்புரவு வாழ்வின் அணிகலன் அன்று. வாழ்தலின் இலக்கணமாகவே அது வைக்கப்பட்டுள்ளது.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. ஊருணி என்பது ஊரால் உண்ணப்படுவது. ஊர் என்னும் சொல்லுக்குள் அடங்குபவர் யாவர்? தமிழகத்து வழக்கில் ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துரைக்கும் நிலை நெடுங்காலமாக உள்ளது. அவ்வழக்கை ஏற்பின் ஊருணி சேரிக்கு உரியதாகாது. வள்ளுவர் அதே 215ஆம் குறளில் உலகு என்னும் சொல்லையும் ஆள்வது இவண் நோக்கத்தக்கது. உவமை ஊரைச் சுட்ட, பொருள் உலகைச் சுட்டுகிறது. ஊரின் எல்லையைக் கடந்த அறத்துக்கு இக்குறளே இடமளிக்கிறது எனக் கொள்ளலாம்.

எல்லையின் இருவகை

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிவாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுவளத்தைக் காக்க இத்தகைய கண்டிப்பு இன்றியமையாதது. ஆயின் அதே கல்வெட்டுகள் சொந்த நிலம், சொந்த மனை, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவற்றையும் தகுதிகளாக விதிக்கின்றன. ஏரியைச் சார்ந்து உழைத்தோருள் பெரும்பகுதியினர் இதனால் ஏரியைப் பற்றிய முடிவுகளுக்குப் புறத்தே நின்றனர். பிற்காலத்தில் மடை திறந்து நீர்பாய்ச்சும் நீர்க்கட்டியாகப் பல ஊர்களில் பணியாற்றியவர் ஒடுக்கப்பட்ட மக்களே என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

எல்லையே வேண்டா எனக் கூறுதலும் பொருந்தாது. பொதுவளங்களை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆசுட்ரம், நெடுங்காலம் நிலைத்த பொதுவள அமைப்புகளுக்குத் தெளிவான எல்லை தேவை என்றார். வரம்பற்ற நுகர்வால் ஏரி அழியும். அதே ஆய்வாளர், விதிகளால் பாதிக்கப்படுவோர் அவ்விதிகளை மாற்றுவதில் பங்குபெற வேண்டும் என்பதையும் நிபந்தனையாகக் கூறினார். ஆகவே எல்லை இருவகைப்படும். எவ்வளவு கொள்ளலாம் என வரையறுப்பது ஒன்று. பிறப்பால் இன்னார் கொள்ளலாகாது என வரையறுப்பது மற்றொன்று. முன்னது வளத்தைக் காக்கிறது. பின்னது காவலின் பெயரால் மனிதரை விலக்குகிறது.

மகத் காட்டும் உண்மை

பொது நீர்நிலைகளை அனைவர்க்கும் திறந்துவிட வேண்டும் எனப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகத் நகராட்சி அதனை ஏற்றது. எனினும் நடைமுறையில் சவுதார் குளம் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்க்கு மூடியே கிடந்தது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்து நீரைப் பருகினர். அதன்பின் அவர்கள் தாக்கப்பட்டனர். குளம் சடங்குகளால் 'தூய்மை' செய்யப்பட்டது. வழக்கு நீண்டு, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர்களுடைய உரிமை நிலைபெற்றது. தாங்கள் நீருக்காக மட்டும் குளத்துக்குச் செல்லவில்லை, தாமும் மனிதரே என நிலைநாட்டவே செல்வதாக அம்பேத்கர் 1927 டிசம்பர் மாநாட்டில் விளக்கினார்.

கால்நடைகள் பருகிய நீர் மனிதருக்கு மறுக்கப்பட்ட நிலையில் அக்குளத்தில் நீர் குறைவின்றி இருந்திருக்கலாம். கரையும் உறுதியாக இருந்திருக்கலாம். ஆயினும் ஒப்புரவின் இலக்கணப்படி அது ஊருணி ஆகாது. அன்று இல்லாதிருந்தது நீர் அன்று, ஊரே.

முடிவுரை

தழைத்தலுக்கு மூன்று நிபந்தனைகள் மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகின்றன. உயிர்களிடையே மிகுதியும் தேவையும் இணையும் தொடர்ச்சி முதலாவது. அத்தொடர்ச்சியைத் தம் கடமையாக அறிந்து காப்பவர் இருத்தல் இரண்டாவது. அவ்வாறு காப்பதிலும் பயன்கொள்வதிலும் எவரும் பிறப்பால் விலக்கப்படாமை மூன்றாவது. முதலிரண்டையும் தமிழ் மரபு விரிவாகப் பேசியுள்ளது. மூன்றாவதற்கான வித்து வள்ளுவத்தில் இருப்பினும், அது நடைமுறை உரிமையாவதற்கு மக்கள் குளக்கரைக்கு நடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று ஏரிகளை மீட்கும் முயற்சிகளில் கரையும் மதகும் சீர்செய்யப்படும்போது, அந்நீர் எவரெவரைச் சென்றடைகிறது என்பதும் உடன் வினவப்பட வேண்டும். அவ்வினா எழுப்பப்படும் இடத்திலேயே ஊருணி என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.