“ஒன்றுமில்லை” என்னும் சொல்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு மாலை, ஆலய மைதானத்தில் சிறுவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தனர். உயர்ந்து வந்த பந்துக்கு இருவர் ஒருசேரத் துள்ள, தலையோடு தலை மோதியது. ஒருவன் விழுந்தான். ஓடிச்சென்று பார்த்தேன். இரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. “ஒன்றுமில்லை, எழுந்து ஆடு” என்றேன். பங்குத்தந்தை சொன்னபின் மறுபேச்சு ஏது? இருட்டும் வரை ஆடினான்.

இரவு அவன் தாய் வந்தார். பையனுக்குத் தலை வலிக்கிறதாம்; விளக்கைப் பார்த்தால் கண் கூசுகிறதாம். “பயமா இருக்கு சாமி. இப்படிப் பயப்படுறது விசுவாசக் குறைவுங்களா?” என்றார். போடியிலிருந்து விடியற்கால ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குச் செல்பவர் அவர். மகன் அருகில் ஒருநாள் இருக்க வேண்டுமானால் ஒருநாள் கூலியை விட வேண்டும்.

கவலை கொள்ளாதிருக்க மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்ததை நினைவூட்டி அவரை அனுப்பியிருக்கலாம். நாங்கள் குருக்கள் பலமுறை அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதே மத்தேயு நற்செய்தியில், வானதூதர் தாங்குவர் என்று நம்பிக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, அது கடவுளைச் சோதிப்பதாகும் என்று ஆண்டவர் மறுத்தார். ஆபத்தைக் கண்டும் காணாதிருப்பதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை.

குருமடத்தில் பயின்ற புனித தோமா அக்குவினாஸின் பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அவர் எல்லாக் கவலையையும் பாவக் கணக்கில் எழுதவில்லை. விழிப்புள்ள அக்கறையை முன்மதி என்னும் புண்ணியத்தோடு சேர்க்கிறார். கோடையில் கதிர் அறுவடையைப் பற்றிய கவலை முறையானது. திராட்சை அறுவடையின் கவலைக்கு அதன் பருவம் பின்னால் வரும். அதை முன்கூட்டியே சுமப்பதுதான் மிகை என்கிறார். ஏலத்தோட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சரத்தில் முற்றிய காயும் பிஞ்சும் இருக்கும். இன்று எடுக்க வேண்டியது எது, அடுத்த சுற்றுக்கு விட வேண்டியது எது என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அந்தத் தாயின் கவலை அந்த இரவுக்குரியது. (காயம் ஆறி மாதங்கள் சென்றபின்னும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கலங்குவோரும் உண்டு. அது வேறு நோய்.)

கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவின் முடிவைச் சிலர் அறிந்திருக்கலாம். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் போட்டியில், தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தபோது பந்து அவர் நெற்றியைத் தாக்கியது. தாமே நடந்து வெளியேறினார். மூன்றாம் நாள் இறந்தார், வயது 38. பெரும்பாலான மோதல்கள் சில நாள் ஓய்வில் தீர்ந்துவிடுகின்றன. ஆயினும் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

காலில் அடிபட்டால், வலியை அளந்து சொல்ல அறிவு தனியே நிற்கிறது. தலையில் அடிபட்டாலோ, சாட்சி சொல்ல வேண்டிய அறிவே அடிபட்டு நிற்கிறது. ‘நன்றாயிருக்கிறேன்’ என்று அடிபட்டவன் சொல்வது பொய்யாக இல்லாவிட்டாலும் போதிய சாட்சியம் அன்று. 2019 முதல் பன்னாட்டு கிரிக்கெட்டில் இத்தகைய வீரருக்கு மாற்று ஆளை அனுமதிக்கிறார்கள். அங்கும் வீரரின் துணிச்சலை நம்பாமல் மருத்துவரின் கணிப்பையே கேட்கிறார்கள். அவனுக்காக விழித்திருக்க இன்னொருவர் வேண்டும். தம்பிக்குத் தான் காவலாளியா என்று காயீன் எரிச்சலோடு கேட்டான். நான் அப்படிக் கேட்கவில்லை, “ஒன்றுமில்லை” என்றேன். ஆட்டம் நிற்கக் கூடாதென்று நான் விரும்பியதே அந்தச் சொல்லின் காரணம். அது ஆறுதல் அன்று.

மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் அவன் கண்மணிகளைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், கேள்விகள் கேட்டார், சில மணி நேரம் வைத்துப் பார்த்தார். மூளை அதிர்ச்சிதான் என்றார். ஸ்கேன் இரத்தக்கசிவைத்தான் காட்டும், இந்த அதிர்ச்சியைக் காட்டாது, இப்போதைக்கு வேண்டாம். தூங்கலாம், ஆனால் இரண்டு நாள் யாரேனும் உடனிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தாம் சொல்லும்வரை ஆட்டம் கூடாது என்றார்.

விடியற்காலையில் ஜீப் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டு, அந்தத் தாய் இன்றியே மலையேறிற்று.

அடுத்த ஞாயிறு பையன் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். “தலைவலி எப்படி இருக்கிறது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல சாமி.”

நான் அவன் தாயைத் திரும்பிப் பார்த்தேன்.

“நேத்து ராத்திரிகூட வலிச்சுது சாமி” என்றார் அவர்.