நம்பிக்கையும் தராசும்

நம்பிக்கை உயர்ந்த பண்பு என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் யார் யாரை நம்ப வேண்டும் என்று கேட்காமல் அப்பண்பைப் போற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நுவரெலியா, ஹட்டன் மலைத் தோட்டங்களின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்த பெரிய கங்காணி, வழிச்செலவு முதற்கொண்டு யாவற்றையும் அவர்கள் பெயரில் கடனாக எழுதிக்கொண்டான். கணக்கு அவன் கையில். கடன் தொழிலாளியின் தலையில். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் தீராது, கைமாறும். எழுதப் படிக்க அறியாதவருக்குத் தம் கடன் எவ்வளவு என்பதற்குக் கங்காணியின் வாய்ச்சொல்லே சான்று. 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

கணக்கை ஒருவர் கையில் விடலாகாது என்ற இதே எண்ணத்தை இன்று மின்பணத்தை ஆக்கியோரும் கொண்டிருக்கின்றனர். பிட்காயின் பணத்துக்காக ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா ஆகிய இருவரும் 2016இல் வகுத்தளித்த 'மின்னல் வலை'யில், இரு தரப்பார் ஒரு தொகையைப் பொதுவில் பூட்டி வைக்கின்றனர். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலின் பின்னும் மீதிக் கணக்கில் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றனர். ஊரறிந்த பேரேட்டில் தொடக்கமும் முடிவும் மட்டுமே ஏறும். ஒருவர் தமக்கு ஆதாயமான பழைய கணக்கைக் காட்டி ஏய்க்க முயன்றால், குறித்த கெடுவுக்குள் மற்றவர் அதை அம்பலப்படுத்தி முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். நல்லவராக இருங்கள் என்று எவரையும் வேண்டாமல், ஏய்ப்பதை நட்டமாக்கிவிடும் ஏற்பாடு இது.

இதை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. ஒப்பமிட்ட பிரதி ஒன்று அன்றைய தொழிலாளியின் கையில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கும்!

ஆயினும் இரண்டு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்களைக் கழிக்கிறார்கள் என்பது தோட்டங்களின் நெடுநாளைய முறையீடு. எழுதிய எண்ணை எந்திரம் காக்கும். எழுதும்போதே குறைத்திருந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் காக்கப்படும். 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கியது. ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைப் பல தோட்டங்கள் உயர்த்தின. கூட்டலில் பிழையில்லை. நீதி உண்டா?

மற்றொன்று, ஏய்ப்பைக் கெடுவுக்குள் கண்டுபிடிக்க எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கென 'காவற்கோபுரம்' என்ற மூன்றாம் தரப்பை அவர்களும் அமர்த்துகின்றனர். அப்படியானால், விடியற்காலைப் பிரட்டுக்குப் பின் மலையேறிக் கூடையைச் சுமக்கும் பெண் தராசையும் செக்ரோலையும் எவ்வாறு காவல் காப்பாள்? தனியொருத்தியால் ஆகாது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டது இத்தகைய காவலுக்கேயன்றோ? அச்சங்கமும் தான் பெறும் சந்தாவுக்குத் தொழிலாளர் முன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதே.

ஆகவே, வலியவனை நம்பு என்று எளியவரிடம் சொல்லும் அறம் நமக்கு வேண்டாம். கணக்கின் பிரதி இருவர் கையிலும் இருக்கட்டும். தராசின் முள்ளைப் பறித்தவள் கண்ணால் பார்க்கட்டும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலும் அவள் அமரட்டும். அதன்பின் பிறக்கும் நம்பிக்கையை நாமும் பண்பு என்று போற்றுவோம்.