முழுப் பேர்

இந்த ஞாயிறு ஆலயத்தில் வாசித்தது மத்தேயு 20. திராட்சத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறார். ஒன்பது மணிக்குத் திரும்பப் போகிறார், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்துக்கும் போகிறார். பொழுது சாய்ந்து கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே பணம். அதுவும் கடைசியில் வந்தவனுக்கு முதலில்.

‘கிருபை’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். மாத்தளையின் இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுகளில் அது நடக்காது. அவர்களுக்கு இது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களக் கதை. காலையில் பிந்தினால் என்ன ஆகும் என்று தெரியும். மாலைத் தராசில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிபடுவதும் தெரியும். அதற்குப் பிறகும் சொன்ன கிலோ நிற்காவிட்டால் அரைப் பேர்தான், அரை நாள் கூலி. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை போராட்டம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. எந்தத் தொகையானாலும் அது முழுப் பேர் போட்டவளுக்குத்தான்.

வாசகம் முடிந்ததும் பின் பெஞ்சில் ஒரு ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார்: “அப்ப வெள்ளன வந்தவ என்ன முட்டாளா?”

பிரசங்கத்தைவிட இந்தக் கேள்விதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. கதைக்குள்ளும் இதே முணுமுணுப்பு இருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்காரன் சொல்வதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்: எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் தூங்கி எழுந்து வந்தவனல்ல, நாள் முழுக்க நின்றவன். ஒரு மணி நேரம்தான் வேலை செய்தான் என்பதற்காக அவன் பிள்ளைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு பசி எடுக்காது. அந்தத் தோட்டத்துக்காரர் தராசைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்திருக்கிறார்.

ஆச்சிக்கு இது பதிலாகுமா என்றால், ஆகாது. அவர் வெள்ளன வந்தவர்.

*

இந்தத் தோட்டத்து ஆட்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டது மாரியம்மனை. கிறிஸ்தவனாக நான் இதை மறைக்க விரும்பவில்லை. மிஷன் வந்துதான் இந்த மலைக்கு நம்பிக்கை வந்தது என்று எழுதினால் அது பொய்.

1854இல் தோட்டத் தமிழருக்கென்று சர்ச் மிஷன் சங்கத்தார் தனி ஊழியம் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். செலவுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். தாராளம்தான். அதே காலத்தில் தோட்டங்களில் கூலி மாதக்கணக்காக நிலுவையில் நிற்பது சாதாரணம். கடன் எழுதிய துண்டுச் சீட்டோடுதான் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடிந்தது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பது லேவியராகமச் சட்டம். உபதேசியார் அந்த அதிகாரத்தைத் தோட்டத்தில் எப்போதாவது வாசித்திருப்பாரா? சம்பளம் கொடுப்பவரைப் பற்றி வாசிப்பது அவருக்கும் கஷ்டம்.

*

வனாந்தரத்து மன்னாவுக்கு ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. விடியும்வரை பதுக்கியது புழுத்து நாறியது. தேவன் தருவார் என்று நம்புவதற்குப் பாடமாக இதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம்.

பவுல் இதே வசனத்தை வேறு இடத்தில் எடுக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்க்கும்போது, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில். கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே அள்ளிக் கொடுத்த மக்கெதோனியரைப் புகழ்ந்துவிட்டு, மன்னாவுக்கு வருகிறார். வனாந்தரத்தில் அளவைச் சரிப்படுத்தியவர் தேவன். கொரிந்துவில் அந்த வேலையை மனிதர் செய்ய வேண்டும் என்கிறார். வானத்திலிருந்து விழுந்தது இப்போது பக்கத்து வீட்டிலிருந்து வரவேண்டியதாகிறது. வராவிட்டால்? அதைப் பற்றிப் பவுல் எழுதவில்லை. தீத்துவைக் காணிக்கை வாங்க அனுப்பிவிட்டார்.

*

ஆகாயத்துப் பறவைகளைப் பற்றிய பிரசங்கத்தை தொழிலாளர் லயத்தில் செய்வதற்கு முன் துரை பங்களாவில் செய்ய வேண்டும். நாளைக்கென்று சேர்த்து வைக்க எதுவும் இல்லாதவளிடம் போய் நாளைக்காகக் கவலைப்படாதே என்பதில் என்ன புதுச் செய்தி?

*

2022. கோதுமை மாவின் விலை ஏறிக்கொண்டே போன மாதங்கள். ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் என்று காலையைத் தள்ளும் வீடுகளில் மா இல்லையென்றால் காலையே இல்லை. அப்போதெல்லாம் சாறிபாத் விதவையின் கதை அடிக்கடி பிரசங்கத்தில் வந்தது. பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். முதலில் எனக்கு ஒரு அடை செய் என்கிறார் எலியா. பஞ்சத்தில் ஒரு விதவையிடம் கேட்கக்கூடியதா இது?

இதை வைத்துத்தான் சிலர் ‘விசுவாச விதை’ வாங்குகிறார்கள். இருக்கிற கடைசிப் பணத்தை என் கையில் வை, தேவன் நூறாகத் தருவார் என்று. அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எலியா அடையை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அந்த வீட்டிலேயே தங்கினார், அதே பானையிலிருந்து அவளோடும் அவள் மகனோடும் சாப்பிட்டார். மா தீர்ந்திருந்தால் அவரும் பட்டினி. வேனில் வந்து வேனில் போகிற தீர்க்கதரிசியைப் பற்றி வேதத்தில் எதுவும் இல்லை.

*

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மாத்தளை மாவட்டத்தின் மலைப்பக்கம் மண் சரிந்தது, பாதைகள் அடைபட்டன. தேவன் ஏன் இதை அனுமதித்தார் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கேட்காமல் அரிசி அளந்தவர்களோடு நிற்பது எனக்கு லேசாக இருந்தது. யாக்கோபின் நிருபத்தில் ஒரு கோபம் உண்டு: குளிரிலும் பசியிலும் நிற்பவனிடம், போய்க் குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் ஆசீர்வதித்து அனுப்புகிறவன் மேல். நனைந்த மெத்தைகளைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் நன்றாக விளங்குகிறது.

*

அறுப்புப் பண்டிகை ஏலம் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு.

பலாப்பழம், வாழைக்குலை, மிளகு, கொக்கோ, சாதிக்காய், யாரோ வீட்டுக் கோழிமுட்டை எல்லாம் பலிபீடத்துப் படியில் வந்து குவியும். பெண்கள் வருடம் முழுக்க உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஒதுக்கிய பிடியரிசியும் உண்டு. ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் வாங்குவதைவிடப் பல மடங்கு கொடுத்துத் தேங்காயை எடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் சந்தைக் கணக்கு தலைகீழாக நிற்கும், குறைத்துக் கேட்பவன்தான் வெட்கப்படுவான். பரிசுத்தம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். போட்டியும் பெருமையும் சிரிப்பும் கலந்ததுதான். அப்படிக் கலந்து வருவதையும் தேவன் தள்ளுவதில்லை என்றே நினைக்கிறேன்.

போன தடவை ஒரு சேவல் வந்தது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, “திரும்ப ஏலத்துல போடுங்க” என்றார். அடுத்தவரும் அப்படியே செய்தார். கடைசியில் அதை வீட்டுக்குக் கொண்டுபோனது கொஞ்சக் காசுக்குக் கேட்ட ஒரு தோட்டத்துப் பையன். அவனுக்கு மேலே கேட்க அன்று யாருக்கும் வாய் வரவில்லை. பொருளாளர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தது ஒரு சேவல், விற்றது எத்தனை என்று எழுதுவது?