பிள்ளை பார்ப்பவரின் கூலி



நாம் வியாபாரிகள். ஒரு மூட்டை வெங்காயம் வந்தாலும் நிறுத்துப் பார்த்து, சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றிய பிறகே படுக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக் கொள்ளும் பெண்ணின் கணக்கை எந்த ஏட்டில் எழுதுகிறோம்?

நமது வீட்டில் நடந்ததையே சொல்லுகிறோம். நம் கடைசிப் பிள்ளையைப் பார்த்துக் கொள்ள அண்டை வீட்டு லாத்தா ஒருவர் வந்து கொண்டிருந்தார். மாலை ஏழு மணி வரை என்பது பேச்சு. கடையில் கூட்டமென்று ஏழு எட்டாகும், எட்டு ஒன்பதாகும். "லாத்தா நம் வீட்டு மனுஷிதானே" என்று இருந்துவிட்டோம். சம்பளத் தேதி தள்ளிப் போனபோதும் அதே சமாதானம்தான். தமக்கும் பிள்ளைகள் உண்டென்று ஒரு நாள் அவர் மெல்லச் சொன்னார். நாம் முகம் சுளித்தோம். மறுமாதம் அவர் வரவில்லை. பிள்ளை வாசலைப் பார்த்துப் பார்த்து அழுதது.

தவறு நம்முடையதே. "வீட்டு மனுஷி" என்ற சொல்லை வேலை வாங்கும்போது நினைவில் வைத்தோம். கூலி கொடுக்கும் நாளில் மறந்தோம்.

பாலூட்ட ஒரு பெண்ணை அமர்த்தினால் அவருக்குரியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டுமென்று திருமறையின் பகரா அத்தியாயம் 233-வது வசனம் கூறுகிறது. இது அற்ப விஷயமாயின் அல்லாஹுத்தஆலா வேதத்தில் சொல்லியிருப்பானா? வேலையை முழுதும் வாங்கிக் கொண்டு கூலி கொடாதவனுக்குக் கியாமத்து நாளில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்று புகாரி ஷரீபில் வந்திருக்கிறது. அந்த வழக்கில் நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

நம்மில் பலர் வீட்டில் வெளிநாட்டுப் பணிப்பெண்ணே பிள்ளையைப் பார்க்கிறார். அவருக்கு வார ஓய்வு நாள் வேண்டுமென்று 2013-இல் சிங்கப்பூர் அரசு விதித்தது. பதிலாகப் பணம் கொடுக்கவும் இடமிருந்தது. 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது, ஓய்வாகவே விடவேண்டும். சட்டம் வந்து சொல்லும் வரை நாம் காத்திருந்தது நமக்கு வெட்கமல்லவா?

பிள்ளை பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை உங்கள் கையில் அமானத். மனத்தாங்கல் இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், முன்னறிவிப்பின்றி நின்றுவிடாதீர்கள். சொன்னால் கேட்கும் செவி நமக்கும் வேண்டும்.

ஆகவே சகோதரர்களே! அமர்த்தும் நாளிலேயே வரும் நேரம், போகும் நேரம், சம்பளம், தேதி, விடுமுறை, நேரம் கடந்தால் அதற்கு எவ்வளவு என்று எழுதி, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக் கொள்வோம். கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நமது மார்க்கம்? அதன் பிறகு பெருநாளைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால் அது அன்பு. கொடுக்காத கூலிக்கு அந்தச் சேலை ஈடாகாது.

பாக்கிப் பணத்தை எடுத்துக் கொண்டு லாத்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். வாங்கிக் கொண்டு துஆ செய்தார். வேலைக்குத் திரும்பி வரவில்லை. அந்த நஷ்டம் நம் பேரேட்டில் இன்னும் நிற்கிறது.

உழைத்தவர் ஹக்கை உரிய நாளில் கொடுத்துவிட வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.