ஆறாம் அறிவின் கடமை

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை, ஜொகூரில் உள்ள தஞ்சோங் பியாய். அங்குள்ள அலையாத்திக் காடு, 2003ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. காட்டினூடே நடைபாலம் செல்கிறது. மேலே மனிதர் பொழுதுபோக்க உலவுவர். கீழே சேற்றில் நண்டுகள் வளை தோண்டும், மீன்கள் தாவும்.

இன்பம் நாடிச் செல்லும் மனிதனுக்கு அவ்விடத்தின்மீது என்ன உரிமை உண்டு?

தொல்காப்பியர் மரத்தை ஓரறிவுயிர் என்றார். நண்டை நான்கறிவுயிர் என்றார். மனம் என்னும் ஆறாம் அறிவை மனிதனுக்கு உரியதாக்கினார். இவ்வரிசையை ஆளும் உரிமைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். அது பொருந்துமா?

அலைவேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது அக்காடு. ஆகவே, ‘பயன் தருவதால் காப்போம்’ என்பர் சிலர். நல்லதே, எனினும், பயன் தீர்ந்த அன்றே அந்தக் காவலும் தீர்ந்துவிடும் அன்றோ? நண்டு வளை தோண்டுவது நம் கண்களுக்கு விருந்தாவதற்கு அன்று; தான் வாழ்வதற்கே.

நண்டுக்குத் தன் இயல்பை மீறத் தெரியாது. நமக்கோ, விரும்பியதைச் செய்யும் ஆற்றலோடு செய்யாமல் நிற்கும் ஆற்றலும் உண்டு. ஆறாம் அறிவின் சிறப்பு அதுவே. சேற்றில் இறங்காமலும், குப்பையை எறியாமலும், கூச்சலிடாமலும் பாலத்தில் நடந்து மீளும் மாணவன், அந்நூற்பாவின் பொருளை வாழ்ந்து காட்டியவன் ஆவான்.