தடைக்கு ஓர் ஆரம்

அமெரிக்கத் துறைமுகங்களில் ஜூலை 4 இரவு வாணவேடிக்கை நடக்கும்போது, வாணங்கள் ஏற்றிய மிதவையைச் சுற்றி ஒரு வட்டம் குறித்து, அனுமதியின்றி எந்தப் படகும் அதற்குள் வரக்கூடாதென்று கடலோரக் காவல்படை ஆணையிடுகிறது. விலகலுக்குக் கணக்கும் உண்டு. அந்நாட்டுத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிப்படி, வாணக்குண்டின் விட்டத்தில் அங்குலத்துக்கு 70 அடி. 10 அங்குலக் குண்டென்றால் 700 அடி.

காரணம் பாதுகாப்பு. இந்தச் சொல்லோடுதான் எனக்குத் தகராறு. புயலன்று துறைமுகத்தை மூடுவதும் பாதுகாப்புதான். ஆனால் புயலை யாரும் வரவழைப்பதில்லை. இங்கே ஆபத்தை விலைகொடுத்து வாங்கித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு படகுக்காரனை அதிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்கிறோம். உண்மையில் அவன் நம் சந்தோஷத்துக்கு வழிவிட்டிருக்கிறான். சில மணி நேரம்தானே, பாதிப்பு சொற்பம் என்று ஆணையே தீர்மானித்தும் விடுகிறது. இழப்பை அளப்பவன் இழப்பவனல்ல.

நான் வங்கிக் குமாஸ்தா. பேரேட்டில் 'சொற்பம்' என்று எழுத முடியாது. ஒரு ரூபாயானாலும் யார் கணக்கிலிருந்து போயிற்று என்று எழுதியாக வேண்டும்.

ஆனாலும் இந்த ஆணையை என்னால் முழுக்க வெறுக்க முடியவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணிவரை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கோயிலிலும் குடும்பத்திலும், ஏன், நம் இலக்கிய வட்டங்களிலும் நான் பார்த்த தடைகள் இவ்விரண்டையும் சொன்னதில்லை. அழகுக்காகப் பிறரை விலக்கி நிறுத்தலாமா என்று கேட்டால், நிறுத்தலாம் என்றே சொல்வேன். ஆனால் அதை அழகின் செலவில் எழுத வேண்டும். பாதுகாப்பின் வரவில் அல்ல.