சுருக்குப்பையும் ஒழுக்கமும்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் புகையிலைக்கு எழுதப்படாத ஒரு வயதுக் கணக்கு உண்டு. பேரப்பிள்ளை எடுத்த அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையையும் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதையே மருமகள் செய்தால், “பொம்பளைக்கு இது என்ன பழக்கம்?” என்று வீடு அதிரும். மகனிடம் அந்தக் கேள்வி இந்தச் சத்தத்தில் வருவதில்லை.

புகையிலையின் நஞ்சு மூவருக்கும் பொதுவானது. ஆகவே ஊர் பார்ப்பது உடல்நலத்தை அல்ல. பிள்ளை பெறும் காலம் முடிந்ததா என்பதைத்தான். ஹார்மோன் என்ற சொல்லைச் சொல்லாமலே, ஹார்மோனை வைத்துப் பெண்ணின் ஆசைக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். அப்படியானால் ஹார்மோனைப் படித்தவர்கள் சொல்வதையும் கேட்டுப் பார்க்கலாம்.

பசிக்கு உண்ணும்போதும், அன்பாக ஒருவர் தொடும்போதும் மூளையில் டோபமைன் சுரக்கிறது. ‘இது நல்லது, மறுபடி வேண்டும்’ என்று நமக்குக் கற்றுத்தரும் அந்த வழித்தடத்தை வெகுமதிப் பாதை என்கிறார்கள். நிகோட்டினும் சாராயமும் நுழைவது இதே பாதையில்தான். ஈஸ்ட்ரோஜன் இந்தப் பாதையில் டோபமைன் சுரப்பைக் கூட்டுகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜில் பெக்கர் போன்றோர் பெண் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். கருமுட்டை வெளியான பிறகு உயரும் புரொஜெஸ்டிரோன் பெரும்பாலும் அதைத் தணிக்கிறது. ஒரே பெண்ணுக்கு ஒரே பொருள் மாதம் முழுவதும் ஒரே அளவில் இழுப்பாக இருப்பதில்லை.

கல்லீரலிலும் ஒரு கதை நடக்கிறது. நிகோட்டினைச் சிதைக்கும் நொதியை ஈஸ்ட்ரோஜன் முடுக்கிவிடுவதால், சராசரியாகப் பெண்ணுடல் ஆணுடலைவிட வேகமாக நிகோட்டினைக் கழிக்கிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடம் இந்த வேகம் இன்னும் கூடுகிறது. கர்ப்பத்தில் சுமார் 60 விழுக்காடு கூடுவதாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சீக்கிரம் கழிந்தால் சீக்கிரம் தேடும். ‘வயித்துப் பிள்ளைக்காரி, நிறுத்தித் தொலை’ என்று ஊரே சொல்லும் அந்த மாதங்களில்தான் அவள் உடல் புகையிலையை அதிகம் கேட்கக்கூடும்.

இந்த அறிவை என்ன செய்வது? ‘பெண் மூளையே பலவீனமானது, அவளைக் காவல் காக்க வேண்டும்’ என்று சிலர் இதைத் திருப்பலாம். அது பழைய ஒழுக்கம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவதுதான். ஆணின் மூளையும் ஹார்மோனில்தான் ஊறுகிறது. டெஸ்டோஸ்டிரோனும் அதே பாதையைத் தொடுகிறது. அதற்காக அவனை யாரும் வீட்டுக்குள் பூட்டுவதில்லை.

அந்தப் பயத்தில், உடல் வேறுபாட்டைப் பேசவே வேண்டாம் என்று விடுவதும் நமக்கு உதவாது. பிள்ளை பெறக்கூடிய பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் சொன்னது. 1993இல்தான் அதை மாற்றியது. அங்கேயும் அளவுகோல் கருப்பைதான். பெண்ணைக் காப்பதாகச் சொல்லி, பெண்ணுடலைப் பற்றிய அறிவையே தள்ளிப்போட்டார்கள்.

காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. ஈஸ்ட்ரோஜன் ஒரு பெண்ணின் இழுப்பை விளக்கும், அவளை எடைபோடாது. அவளுக்கு மனஉறுதியே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. மனஉறுதி தனியாக ஒரு ஆளுக்குள் முளைப்பதில்லை என்கிறேன். மேலூர்ப் பக்கம் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்குப் புகையிலை பசியை அடக்குகிறது, இடுப்பு வலியை மறக்கடிக்கிறது. நேரத்துக்குச் சோறும் ஓய்வும் கொடுக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் அவளிடம் கேட்பது நியாயமா?

வெட்கப்படுத்தினால் அவள் நிறுத்துவதில்லை, ஒளித்துவைக்கிறாள். முந்தானையில் முடிந்த புகையிலையைப் பற்றி வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணி வாய் திறக்க மாட்டாள். மாமியார் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிடம், “எப்பப்பம்மா ரொம்பத் தேடுது?” என்ற ஒரு கேள்வி, பதிலைக் கேட்டுத் திட்டாத ஒரு முகம் — முதலில் இவ்வளவும் வேண்டும். அவள் உடலைப் பற்றிய அறிவு அந்தக் கேள்விக்குப் பயன்படட்டும்.